எண்ணெய் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது!



மாலை நாலு மணிக்கு மேல் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு வாசற்படியில் நான்கு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான்கு தலைகளும் ஒரே கைப்பேசியின் மேல் கவிழ்ந்திருக்கும். “சாயுடா, முன்னால சாயு! எண்ணெயக் கொறை! போச்சு, கவுந்துட்டான்!” என்று கூச்சல் எழும். உள்ளே அடுப்படியில் இருக்கும் தாய், யாரோ உண்மையிலேயே மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டார்களோ என்று பதறி ஓடி வருவதும் உண்டு.

விழுந்தவன் திரைக்குள் இருக்கும் பொம்மை மனிதன். அவன் ஓட்டுவது பொம்மை மோட்டார் சைக்கிள். மலை ஏறுகிறான், பள்ளம் தாண்டுகிறான், ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணமும் போடுகிறான். இந்த ஆட்டத்துக்கு விலை இல்லை. யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம்.

பெற்றோர் சந்திப்பு நாளில் இதைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். “இதையே ஆடிக்கிட்டிருந்தா பையன் நாளைக்கு ரோட்டுல ரெம்பிட் ஆயிடுவானே சார்?” என்று கவலைப்படுகிறவர்கள் ஒரு பக்கம். “காசா பணமா சார், வீட்டோட கெடக்கான், ஆடிட்டுப் போறான்” என்று விட்டுவிடுகிறவர்கள் மறுபக்கம். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. முதலாமவர் அஞ்ச வேண்டியது வேறொன்று. இரண்டாமவர் சொல்லும் ‘காசா பணமா’ என்பதோ உண்மையே அல்ல. எப்படி என்று பார்ப்போம்.

ஆட்டத்துக்குள்ளே என்ன இருக்கிறது?

இந்த வகை ஆட்டங்கள் ஏராளம். நன்றாகப் பேர் எடுத்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ‘டிரையல்ஸ் பிராண்டியர்’ என்பது அதன் பெயர். பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் உள்ள ‘ரெட்லிங்ஸ்’ என்ற நிறுவனம் அதைச் செய்தது. அந்நிறுவனத்தை 2011ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ‘யூபிசாப்ட்’ வாங்கிவிட்டது. 2014 ஏப்ரலில் இந்த ஆட்டம் ஆப்பிள் கைப்பேசிகளுக்கு வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நம்மவர் பலரும் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் வந்தது.

ஆடும் முறை எளிது. வேகம் கூட்ட ஒன்று, நிறுத்த ஒன்று, முன்னால் சாய ஒன்று, பின்னால் சாய ஒன்று என நான்கே பொத்தான்கள். ஆனால் இந்த நான்கை வைத்துக்கொண்டு ஒரு மேட்டை ஏறுவதற்குள் பையனின் நெற்றியில் வியர்வை வந்துவிடும். மேடு ஏறும்போது முன்னால் சாயாவிட்டால் முன்சக்கரம் தூக்கி, வண்டி மல்லாந்துவிடும். சட்டென்று எண்ணெயைத் திருகினாலும் அப்படித்தான். இறங்கும்போது பின்னால் சாயாவிட்டால் தலைகுப்புற விழ வேண்டும். அறிவியல் பாடத்தில் சமநிலை என்றும் புவியீர்ப்பு மையம் என்றும் கரும்பலகையில் நான் அரை மணி நேரம் எழுதிக் காட்டுவதை, இந்த ஆட்டம் அரை நிமிடத்தில் விரல் நுனிக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. விழுந்தால் ஆட்டம் திட்டுவதில்லை. கடைசியாகக் கடந்த இடத்திலிருந்து மறுபடியும் ஓட்டச் சொல்கிறது. பத்துத் தடவை விழுந்த பையன் பதினோராவது தடவை கடந்துவிடுகிறான். கணக்குப் பாடத்தில் ஒரு தடவை தப்பு வந்தால் பென்சிலைக் கீழே போட்டுவிடும் அதே பையன்தான் இவன். விழுந்து எழும் பழக்கம் அவனிடம் இருக்கவே இருக்கிறது.

இந்த ஆட்டம் ஓர் உண்மையான விளையாட்டைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மேலை நாடுகளில் ‘டிரையல்ஸ்’ என்று ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் உண்டு. ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் பந்தயம் ஒன்று 1909ஆம் ஆண்டில் தொடங்கியது. பாறை, ஓடை, சேறு, மரக்கட்டை ஆகியவற்றின் மேல் கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம். இரண்டு முறை ஊன்றினால் இரண்டு. கடைசியில் குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர். அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை, நிதானத்துக்குத்தான் மதிப்பு. ஸ்பெயின் நாட்டு டோனி போ என்பவர் 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் இதில் உலக வெற்றியாளராக வந்திருக்கிறார். ஆகவே ‘மோட்டார் சாகசம்’ என்ற சொல்லைக் கேட்டவுடனே அது காலிகளின் வேலை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இலவசத்தின் கணக்கு

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்த மாட்டுக்குப் பல் பார்த்தே ஆக வேண்டும்.

டிரையல்ஸ் பிராண்டியரில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கொஞ்சம் எண்ணெய் செலவாகும். கலன் காலியானால் ஆட்டம் நின்றுவிடும். எண்ணெய் தானாக ஊறி வரும், ஆனால் அதற்கு நேரம் ஆகும். காத்திருக்கப் பொறுமை இல்லையா? வைரக்கற்களைக் கொடுத்தால் உடனே கலன் நிரம்பும். வண்டியை இன்னும் வலுவாக்க வேண்டுமா? பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கேயும் வைரம் கொடுத்தால் வேலை உடனே முடியும். ஆடி ஆடிச் சேர்க்கும் வைரம் கொஞ்சம்தான். மீதி வேண்டுமானால் உண்மைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும்.

அந்த எண்ணெய் ஆட்டத்துக்குத் தேவையானதுதானா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே 2014 ஏப்ரலில் அதே நிறுவனம் ‘டிரையல்ஸ் பியூஷன்’ என்ற இன்னோர் ஆட்டத்தையும் வெளியிட்டது. அது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்கும் கணினிக்கும் உரியது. அதற்கு விலை உண்டு. விலை கொடுத்து வாங்கியவர் அதில் விடிய விடிய ஓட்டலாம். எண்ணெய் தீராது, பட்டறையில் காத்திருக்கவும் வேண்டாம். செய்தவர்கள் ஒருவரே, வண்டி ஓட்டும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. விலை போட்ட ஆட்டத்தில் இல்லாத தாமதம், இலவச ஆட்டத்தில் மட்டும் எப்படி வந்தது? விற்பதற்காகவே வைத்தார்கள் என்பது விளங்குகிறதல்லவா?

அன்று இதை எடை போட்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஓட்டும் முறை அருமை என்று பாராட்டினார்கள். காத்திருக்க வைப்பது எரிச்சல் என்று குறை சொன்னார்கள்.

ஆக, இலவச ஆட்டத்தில் விலை போவது மோட்டார் சைக்கிள் அன்று. முதலில் ஒரு தடையை வைக்கிறார்கள், பிறகு அதை நீக்கிக் காட்ட விலை கேட்கிறார்கள். நம் பிள்ளையின் அவசரமே அங்கே சரக்கு.

நான் நிறுவனத்தைத் திட்டவில்லை. அங்கே வேலை செய்பவர்களுக்கும் சம்பளம் வேண்டும். இலவச ஆட்டங்களை ஆடுவோரில் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. கொடுக்கும் சிலரிடமிருந்துதான் வருமானம் முழுதும் வருகிறது. நல்ல கருவியும் விலை கொடுத்து வாங்கும் ஆட்டமும் எட்டாத தோட்டத்துப் பிள்ளை, ஹெல்சிங்கிப் பிள்ளை ஆடும் ஆட்டத்தையே ஆட முடிகிறது என்றால் அதுவும் ஒரு நன்மைதான். நம் கவலை ஒன்றே ஒன்று. கொடுக்கும் அந்தச் சிலரில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவனாக இருக்கக் கூடாது.

பணம் கொடுக்காதவரிடம் வேறு வழியில் வாங்கிக்கொள்ளும் ஆட்டங்களும் உண்டு. “ஒரு விளம்பரம் பார், எண்ணெய் தருகிறேன்” என்று அவை ஆசை காட்டும். அந்த விளம்பரம் ஓடுவது உங்கள் தரவுக் கணக்கில்தான். மாதக் கடைசியில் பள்ளி அனுப்பும் பயிற்சித் தாளை இறக்க முடியாமல் தரவு தீர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வீட்டில் நடந்தது

நான் படித்துக்கொடுத்த மாணவன் ஒருவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் படிக்கிறான். ஊரையும் ஆட்டத்தின் பெயரையும் சொல்ல வேண்டாம். தாய் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. தகப்பனார் குலை ஏற்றும் லோரியில் வேலை. கைப்பேசியில் பணம் போடுவது, கட்டணம் கட்டுவது எல்லாம் அம்மாவுக்குப் பழக்கமில்லை. அதைச் செய்து கொடுப்பவனே மகன்தான். ஆகவே மின்பணப்பையின் ரகசிய எண் அவனுக்குத் தெரியும்.

பள்ளிப் பேருந்துக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் ஒரு மாதம் குறைந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் 83 வெள்ளி 30 காசு. ஒவ்வொரு தடவையும் 4 வெள்ளி 90 காசு, பதினேழு தடவை. தகப்பனார் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டார். தாய் குறுக்கே விழுந்து தடுத்து, மறுநாள் மகனை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“திருடுற புள்ளை இல்லீங்க சார் இவன். கேட்டா எடுக்கவே இல்லைன்னு சாதிக்கிறான்” என்று அழுதார்.

பையனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சொன்ன பதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

“நான் காசு எடுக்கல சார். வைரந்தான் வாங்குனேன்.”

அவன் பொய் சொல்லவில்லை, வாசகர்களே! அம்மாவின் பணப்பையைத் திறந்து ஒரு தாளை உருவியிருந்தால் அவன் கை நடுங்கியிருக்கும். இங்கே தாளும் இல்லை, பணப்பையும் இல்லை. வெள்ளி வைரமாக மாறியது. வைரம் எண்ணெயாக மாறியது. எண்ணெய் காற்றாகப் போய்விட்டது. இத்தனை மாற்றத்துக்கு நடுவே அம்மாவின் உழைப்பு அவன் கண்ணுக்கு மறைந்துவிட்டது. 4 வெள்ளி 90 காசு என்பது ஒரு தட்டு மீ கோரேங் விலைதானே என்று அவன் நினைத்திருக்கிறான்.

ஒரு தாளை எடுத்து அவனோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வகுத்தால், ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு வருகிறது. 83 வெள்ளி 30 காசு என்றால் எத்தனை நாள்? அவனே வகுத்துப் பார்த்தான். ஒன்றேகால் நாளுக்கும் கொஞ்சம் கூட.

“அம்மா ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சு பொறுக்கி, மறுநாள் காலையிலயும் கொஞ்ச நேரம் பொறுக்கியிருக்காங்க, ஒன் வைரத்துக்கு” என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய்த் தாயின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அந்தத் தாய் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நான் ஆட்டத்தின் எண்ணெய்க் கணக்கை விளக்கியதும் அவர் சொன்னார்: “இது கடைக்காரர் வச்சிருக்கிற 555 புத்தகம் மாதிரியில்ல இருக்கு சார்! கொஞ்சங் கொஞ்சமா எழுதறப்ப ஒண்ணுந் தெரியாது, சம்பளத்தன்னிக்குத்தான் தெரியும். ஏன் சார், எண்ணெய் தீந்தா வண்டிய நிறுத்திட்டு எறங்கிட வேண்டியதுதானே?”

இதைவிட நல்ல தீர்ப்பை நான் சொல்லியிருக்க முடியாது. இந்தப் பகுதியின் தலைப்பே அந்தத் தாய் கொடுத்ததுதான்.

உலகம் என்ன செய்தது?

இது நம் தோட்டத்துக்கு மட்டும் வந்த தலைவலி என்று நினைக்க வேண்டாம். பணக்கார நாடான அமெரிக்காவிலும் பெற்றோர் இதே புகாரோடு அரசாங்கத்திடம் போனார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அனுமதி இல்லாமல் ஆட்டங்களுக்குள் வாங்கிய பொருள்களுக்காக, குறைந்தது 3 கோடியே 25 லட்சம் அமெரிக்க டாலரைத் திருப்பிக் கொடுக்க ஆப்பிள் நிறுவனம் 2014 ஜனவரியில் இணங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனமும் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஐரோப்பாவில் கேள்வி இன்னும் அடிப்படையாக எழுந்தது. உள்ளே போனபின் பணம் கேட்கும் ஆட்டத்தை ‘இலவசம்’ என்று கூவி விற்கலாமா என்று ஐரோப்பிய ஆணையம் கேட்டது. 2014 நவம்பரில் ஆப்பிள் தன் கடையில் இருந்த ‘இலவசம்’ என்ற பொத்தானை எடுத்துவிட்டு ‘பெறுக’ என்ற பொருள் தரும் சொல்லை வைத்தது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் இலவசம் என்ற சொல் பொருந்தாது என்பது அதில் அடங்கியிருக்கிறது.

பரிசுச் சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரையல்ஸ் பிராண்டியரில் ஓட்டம் முடிந்ததும் ஒரு சக்கரம் சுழலும். நின்ற இடத்தில் உள்ள பரிசு கிடைக்கும். வேண்டிய உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் மறுபடி ஓட்டி, மறுபடி சக்கரத்தைப் பார்க்க வேண்டும். “அடுத்த தடவை விழுந்துடும்” என்ற நினைப்பு எப்படிப்பட்டது என்பதை நாலு நம்பர் எடுக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைக் கொண்ட சில ஆட்டங்களை, சூதாட்டச் சட்டத்துக்குள் வருபவை என்று 2018இல் பெல்ஜியம் நாடு அறிவித்தது. பெரியவர்களே தடுமாறும் இடத்தில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்துவது முறையன்று.

திரையும் சாலையும்

இனி, ரெம்பிட் ஆகிவிடுவானோ என்ற கவலைக்கு வருகிறேன். மோட்டார் ஆட்டம் ஆடும் பிள்ளைகள் எல்லாரும் சாலையில் சக்கரம் தூக்கப் போவதில்லை. கைப்பேசி வராத காலத்திலும் தோட்டத்து மண்சாலையில் முன்சக்கரம் தூக்கியவர்கள் உண்டு. அவர்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்துக் கற்றார்கள்?

நான் அஞ்சுவது வேறு. பதின்மூன்று வயதுப் பையன் தகப்பனாரின் கப்சாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வருவதை நாமே அனுமதிக்கிறோம். “தோட்டத்துக்குள்ளதானே சார்” என்கிறோம். நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கவே 16 வயது ஆக வேண்டும். தலைக்கவசம் கட்டாயம் என்ற விதி 1973ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தோட்டத்துச் சாலையில் லோரி வரும். குலையோடு இழுவை வண்டி வரும். வளைவில் செம்பனை மட்டை மறைக்கும். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆபத்தான முறையில் ஓட்டிப் பிடிபட்டால், 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 42ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறையும், 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு.

திரையில் விழுந்தவன் ஒரு நொடியில் எழுந்துவிடுகிறான். ஆயிரம் தடவை அதைப் பார்த்த பிள்ளைக்கு, சாலையில் விழுந்தவன் அப்படி எழுவதில்லை என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆட்டம் அதைச் சொல்லாது. அது நம் வேலை. சாவியைக் கொடுக்காமல் இருப்பதும் நம் வேலைதான்.

உண்மையிலேயே ஓட்டத்தில் திறமையும் ஆசையும் உள்ள பிள்ளைக்கு முறையான வழி இருக்கிறது. நம் நாட்டில் 1994 முதல் கப் பிரிக்ஸ் என்ற சிறு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்து வருகிறது. ஹபிஸ் ஷாரின் என்ற மலேசிய இளைஞர் 2018இல் மோட்டோ ஜிபி உயர்நிலைப் பிரிவில் ஓட்டிய முதல் மலேசியர் ஆனார். கவசம் அணிந்து, பயிற்சி பெற்று, மூடிய பந்தயச் சாலையில் ஓட்டினார். பிள்ளைக்கு உதாரணம் காட்ட வேண்டுமானால் அவரைக் காட்டுங்கள்.

வீட்டுக்கு ஐந்து விதிகள்

தடை போட்டுவிட்டால் போகிறது என்று சிலர் சொல்வார்கள். பந்து உதைத்த திடலில் புல் மண்டிக் கிடக்கும் தோட்டங்கள் எத்தனை! நூல்நிலையமும் இல்லை. தாயும் தகப்பனாரும் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைக்கு இருக்கும் திடல் அந்தக் கைப்பேசி ஒன்றுதான். அதையும் பிடுங்கினால், பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் ஆடுவான். ஆகவே பிடுங்க வேண்டாம். விதி வகுத்துக் கொடுங்கள்.

ஒன்று: எண்ணெய் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. இதுவே முதல் விதி. நிறுவனம் பணம் பறிக்க வைத்த தடையை நாம் பள்ளி மணியாக மாற்றிக்கொள்வோம். எண்ணெய் தீர்ந்ததும் கைப்பேசியை அலமாரி மேல் வைத்துவிட்டு முகம் கழுவி, பாடத்தை எடுக்க வேண்டும். எண்ணெய்க் கணக்கு இல்லாத ஆட்டமாக இருந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

இரண்டு: பூட்டுப் போடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, அமைப்புப் பகுதிக்குப் போனால், எதை வாங்குவதற்கு முன்னும் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. ‘ஒவ்வொரு தடவையும் கேள்’ என்று வையுங்கள். ஆப்பிள் கைப்பேசியில் ‘திரை நேரம்’ என்ற பகுதிக்குள் ஆட்டத்துக்குள் வாங்குவதையே நிறுத்திவைக்கலாம். மின்பணப்பையும் கைப்பேசிக் கட்டணக் கணக்கும் அந்தக் கடையோடு இணைந்திருந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள். செய்யத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளையின் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்று: ரகசிய எண் பெற்றோருக்கு மட்டும். பணம் போடும் வேலையைப் பிள்ளை செய்து கொடுக்கட்டும். ஆனால் எண்ணை அழுத்துவது அம்மாவின் விரலாக இருக்கட்டும். இதைப் பிள்ளைமேல் நம்பிக்கை இல்லாமை என்று எண்ண வேண்டாம். பிள்ளையைச் சோதனையிலிருந்து காப்பது அது.

நான்கு: பணம் போய்விட்டால் முதலில் அடிக்காதீர்கள். உடனே கடைக்கு எழுதிக் கேளுங்கள். கூகுள் கடையில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் பணம் திரும்பி வர வாய்ப்பு அதிகம். அடிக்குப் பயந்த பிள்ளை நாட்களைக் கடத்துவான். அதற்குள் அந்த வாய்ப்பு நழுவிவிடும். ‘தவறிப் போச்சும்மா’ என்று அன்றைக்கே ஓடி வந்து சொல்லும் துணிவைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஐந்து: ஒரு நாளாவது கூட உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். நாலு மேடு ஏறி நாலு தடவை கவிழுங்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பான், சொல்லியும் கொடுப்பான். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு சொல் சொன்னால் அது காதில் ஏறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எப்போதாவது அதிக நேரம் ஆடிவிட்டான் என்பதால் பிள்ளைக்கு நோய் என்று பட்டம் கட்டிவிட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘ஆட்ட அடிமைத்தனம்’ இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதற்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். தன்னை நிறுத்திக்கொள்ள முடியாமை, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிடுதல், கேடு வந்தபின்னும் விடாமை என்று வரிசைப்படுத்தி, இவை பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறார்கள். அந்த நிலை தெரிந்தால் சாமியாடியிடம் போகாமல் அரசாங்க மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்.

முன்னே சொன்ன அந்தப் பையன் இன்னும் அதே ஆட்டத்தை ஆடுகிறான். தாய் ரகசிய எண்ணை மாற்றிவிட்டார். தகப்பனார் மகனோடு பேச ஒரு வாரம் ஆயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூப்பிட்டு, தம் பழைய கப்சாயின் சங்கிலியை இறுக்கவும் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் சொல்லிக் கொடுத்தாராம். “ஓட்டறதுக்குப் பதினாறு வயசு ஆகட்டும். கழுவறதுக்கும் தொடைக்கறதுக்கும் இப்பவே வயசுதான்” என்றாராம். அந்தத் தாய் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் மலர்ச்சி இருந்தது.

இலவசம் என்று வீட்டு வாசலுக்கு வரும் எதையும், உள்ளே விடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?’ பதில் கிடைத்த பிறகு ஆடலாம். நம் பிள்ளைகள் ஆடட்டும். நம் கூலி நம்மிடமே இருக்கட்டும்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். வணக்கம்.